ஆங்கிலப் பாடமும் சரண்டர் மதிப்பும்

ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எடுத்தவர்கள் 'சரண்டர் மதிப்பு' என்னும் சொல்லை ஒருமுறையேனும் கேட்டிருப்பார்கள். இருபது ஆண்டுகளுக்கென எடுத்த பாலிசியை ஏதோ ஒரு நெருக்கடியில் எட்டாம் ஆண்டிலேயே முடித்துக்கொள்ள நேர்ந்தால், அதுவரை செலுத்திய பிரீமியத்திற்கு ஈடாகக் கைக்குக் கிடைக்கும் தொகையே அது. தொடக்க ஆண்டுகளிலேயே நிறுத்தியவருக்குத் தேறுவது மிகச் சொற்பம்.

இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாடத்திற்குப் பொருத்திப் பார்த்தவர் ஒருவர் உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்னும் அந்த ஆங்கிலேயர், இந்தியக் கல்விப் பணி அதிகாரியாக வங்காளத்திற்கு வந்து, டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். வங்காளத்தின் இருமொழிக் கல்வியைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு நூல் 1926-இல் வெளிவந்தது. அன்றைய வங்காளத்தில் பள்ளிப் படிப்பை முழுமையாக முடித்தவர்கள் சிலரே. இடையில் விட்டுச் சென்றவர்களே பலர். ஆங்கிலப் பாடமோ, பல்கலைக்கழகம் வரை செல்லவிருக்கும் அந்தச் சிலரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டிருந்தது. அப்படியானால் பாதி வழியில் இறங்கிக்கொள்ளும் சிறுவனுக்கு, அவன் செலவிட்ட ஆண்டுகளுக்கு ஈடாக மிஞ்சுவது என்ன என்று வெஸ்ட் கேட்டார். ஒரு பாடத்தின் தகுதியை, அதை முடித்தவனைக் கொண்டு மட்டும் அளக்காமல், முடிக்காதவனுக்கு அது தரும் சரண்டர் மதிப்பைக் கொண்டும் அளக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

வெஸ்ட் கண்ட விடை, வாசிப்பு. பேச்சும் எழுத்தும் கைவரப் பல ஆண்டுகள் பிடிக்கும். இடையில் நிறுத்தினால் விரைவில் மறந்தும் போகும். வாசிக்கும் திறனோ தொடக்கத்திலிருந்தே சிறிது சிறிதாகப் பயன் தரும். பள்ளியை விட்ட பின்னரும் ஒருவர் தாமாகவே அதை வளர்த்துக்கொள்ள இயலும். இந்த எண்ணத்தில்தான் அவர் 'நியூ மெத்தட் ரீடர்ஸ்' என்னும் வாசிப்பு நூல் வரிசையை உருவாக்கினார். வழக்கில் அருகிய இலக்கியச் சொற்களை விலக்கி, அன்றாடம் புழங்கும் சொற்களைத் தெரிந்தெடுத்து, புதிய சொற்களைப் பழகிய சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு அமைத்தார். பிற்காலத்தில், 1953-இல், ஆங்கிலம் கற்போருக்கு முதன்மையாகத் தேவைப்படும் ஏறத்தாழ 2,000 சொற்களின் பட்டியலையும் வெளியிட்டார்.

பேச்சை அவர் இவ்வளவு பின்னுக்குத் தள்ளியது சரிதானா என்பது வேறு வாதம். இன்றைய பெற்றோர் எவரும் 'பேசாவிட்டாலும் பரவாயில்லை, படிக்கட்டும்' என்று சொல்ல மாட்டார்கள். என் கருத்தில், அவர் தந்த விடையைவிட அவர் எழுப்பிய கேள்வியே பெரிது. நூறாண்டுகள் ஆகியும் நம் பள்ளிகள் அக்கேள்விக்கு முழுமையாகப் பதிலளித்துவிட்டதாகத் தோன்றவில்லை.

நம் நாட்டில் ஆங்கிலம் யாருக்குத் தாய்மொழி? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அதைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர் மட்டுமே. இரண்டாம் மொழியாகக் குறித்தவர்கள் சுமார் 8.3 கோடி, மூன்றாம் மொழியாகக் குறித்தவர்கள் சுமார் 4.6 கோடி. ஆக, இந்தியாவில் ஆங்கிலம் என்பது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் ஈட்டப்படும் சொத்து. பரம்பரையாக வருவது அரிது. பெற்றோர் ஆங்கிலம் அறிந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி தருவது கூடுதல் வரவு. அறியாத வீட்டுப் பிள்ளைக்கோ பள்ளி தருவதே முழு வரவு.

'இரண்டாம் மொழி' என்று சொல்வதும் பல இடங்களில் ஒரு சம்பிரதாயமே. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. அங்கே தமிழ் வழியில் பயிலும் குழந்தைக்கு வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மராத்தி, தெருவில் இந்தி; ஆங்கிலம் நான்காவதாக வந்து வரிசையில் நிற்கிறது. ஒடிசாவில் சந்தாலி, குயி, சவரா போன்ற பழங்குடி மொழிகள் பேசும் குழந்தைகளுக்கு ஒடியாவே புதுமொழி. அதனால்தான் அம்மாநிலம் 2006-07-இல் பத்துப் பழங்குடி மொழிகளில் பன்மொழிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அக்குழந்தைகளுக்கு ஆங்கிலம் இரண்டு படிகள் தள்ளியிருக்கிறது.

விளைவு என்ன? பிரதம் அமைப்பு 2005 முதல் கிராமப்புறங்களில் நடத்திவரும் 'ஏசர்' ஆய்வு சில ஆண்டுகளில் ஆங்கில வாசிப்பையும் சோதித்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஐந்தாம் வகுப்பு மாணவரில் எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 24.5 விழுக்காட்டினர், 2009-லிருந்து இந்நிலையில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. எட்டாம் வகுப்பிலோ 2009-இல் 60.2 விழுக்காடாக இருந்தது 2016-இல் 45.2 விழுக்காடாகச் சரிந்திருந்தது. பதினான்கு முதல் பதினெட்டு வயதினரைப் பற்றிய 2023-ஆம் ஆண்டு அறிக்கையில், ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 57.3 விழுக்காட்டினர். அவர்களிலும் ஏறத்தாழ நான்கில் மூவரே படித்ததன் பொருளைச் சொன்னார்கள். இந்தக் கடைசிச் செய்தியை நான் இரண்டு முறை படித்தேன். வாய் படிக்கிறது, மனம் படிப்பதில்லை. அப்படியொரு வாசிப்புக்கு வெஸ்ட் குறிப்பிட்ட மதிப்பு எதுவும் கிடையாது.

வணிகவியல் படித்தவனுக்கு எதையும் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் விடாது. கட்டாயக் கல்விச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களையும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாட்களையும் விதிக்கிறது. நாளொன்றுக்கு 40 நிமிடப் பாடவேளை ஒன்று ஆங்கிலத்திற்கு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 133 மணி நேரம். பத்து ஆண்டுகளில், ஒரு நாளும் தவறாமல் நடந்தால், ஏறக்குறைய 1,400 மணி நேரம். தாய்மொழியில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூழ்கியிருக்கும் குழந்தைக்கு இது நான்கு மாதக் கணக்கு. இன்னும் உள்ளே போனால் நிலைமை மேலும் மெலிகிறது. வகுப்பில் 40 பிள்ளைகள். ஆசிரியர் பேசுவது 20 நிமிடம். எஞ்சிய 20 நிமிடத்தைப் பங்கிட்டால் தலைக்கு அரை நிமிடம். ஓராண்டு முழுவதும் சேர்த்து ஒரு குழந்தை ஆங்கிலம் பேச வாய்க்கும் நேரம் 100 நிமிடம். ஒரு திரைப்படம் ஓடும் நேரத்திற்கும் குறைவு.

ஆகவே, நேரத்தைக் கூட்டுவதற்கு முன், இருக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இந்தியா இதில் முயற்சி செய்யாமல் இல்லை. ஐதராபாத்தில் 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனம் தோன்றியது. அதுவே 2007-இல் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதே காலத்தையொட்டி அன்றைய சென்னை மாநிலத்தில் நடந்த இயக்கம் ஒன்றைக் கல்வியாளர்கள் 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று குறிப்பிடுவர். முதலில் ஒரு சிறு குழுவினருக்குப் பயிற்சி அளித்து, அவர்கள் மற்றவர்களுக்கு அளிக்க, அவ்வாறே உருண்டு திரண்டு 27,000 ஆசிரியர்களைச் சென்றடைவது நோக்கம். பணத்தை வட்டிக்கு வட்டியாக விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பெருகும். பயிற்சியை இப்படிக் கைமாற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் சற்றே தேயும். எண்ணிக்கை மட்டுமே பெருகும். இன்றும் நாம் நடத்தும் பல பயிற்சித் திட்டங்கள், நம் வங்கித் துறையில் நடப்பவை உட்பட, இந்தப் பனிப்பந்தின் வழித்தோன்றல்களே.

அந்நாளைய முறை, வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினத்திற்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது. 'இது ஒரு பேனா', 'அது ஒரு புத்தகம்' என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் முழங்கியதை, நாற்பது வயதைக் கடந்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேனா எதிரே இருக்கும்போது அது பேனா என்று உலகத்தில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. சொல்லும் அவசியமே இல்லாத ஒன்றைச் சரியாகச் சொல்லிப் பழகினோம்.

இதற்கு மாற்றாக ஒரு சோதனை தென்னிந்தியாவிலேயே நடந்தது. அது உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போரிடையே இன்றளவும் பேசப்படுகிறது. நம் ஊரில்தான் அதிகம் பேர் அறியவில்லை. பெங்களூரிலுள்ள தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தின் சார்பில், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, என். எஸ். பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரை நடத்திய திட்டம் அது. பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில், சாதாரண வகுப்பறைகளில், கரும்பலகையையும் சுண்ணக்கட்டியையும் பெரிதும் நம்பி அது நடந்தது. மாணவரின் கவனம் மொழி வடிவத்தின் மேல் இராமல் பொருளின் மேல் இருக்கும்போதே இலக்கணம் உள்ளே படிகிறது என்பது பிரபுவின் துணிபு. எனவே அவருடைய பாடத்திட்டத்தில் இலக்கண வரிசையோ சொற்பட்டியலோ இல்லை. தீர்த்து வைக்க வேண்டிய பணிகளே இருந்தன.

ரயில் கால அட்டவணை அவற்றுள் ஒன்று. எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, எது விரைவாகப் போய்ச் சேரும், இன்ன நேரத்திற்குள் அங்கே இருக்க வேண்டுமானால் எதில் ஏற வேண்டும் என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்பார்; வகுப்பு முழுவதும் சேர்ந்து யோசித்து விடை காணும். பிறகு அதே போன்ற வேறோர் அட்டவணையைக் கொடுத்து, ஒவ்வொரு மாணவரும் தனியே முடிக்கச் சொல்வார். ஊர் வரைபடத்தில் வழி காண்பது, வீட்டின் அமைப்பைப் புரிந்துகொள்வது என இவ்வாறே பல பணிகள். விடை சரியா என்பதே முதற்கண் பார்க்கப்பட்டது. வாக்கியத்தில் பிழையிருந்தால் ஆசிரியர் போகிற போக்கில் சரியாகச் சொல்லிக் காட்டுவார். பாடத்தை நிறுத்தி அதற்கென்று ஒரு சொற்பொழிவு ஆற்றுவதில்லை. பணியின் கடினத்தை அளக்கவும் ஒரு நடைமுறை அளவுகோல் வைத்திருந்தார்கள்: வகுப்பில் ஏறத்தாழப் பாதிப் பேர், பணியில் பாதிக்கு மேல் சரியாகச் செய்தால் அது தக்க அளவு கடினம், எல்லோரும் செய்துவிட்டால் அது மிக எளிது.

முடிவுகளை வெளியார் மதிப்பிட்டபோது, இலக்கண அமைப்பைச் சோதிக்கும் வழக்கமான தேர்வில் பழைய முறை வகுப்பினரும், பொருளுணர்ந்து மொழியைக் கையாளும் தேர்வுகளில் பிரபுவின் வகுப்பினரும் மேம்பட்டு நின்றனர். மதிப்பீட்டாளர்கள் தயக்கத்துடனேயே சாதகமான கருத்தைத் தெரிவித்தார்கள். பின்னர் வந்த மற்றொரு மதிப்பீடு வேறொன்றையும் வெளிப்படுத்தியது: திட்டத்தில் ஆர்வத்தோடு வந்து சேர்ந்த தேர்ந்த பயிற்சியாளர்களுக்குக் கைவந்த முறை, பள்ளியின் வழக்கமான ஆசிரியர்களுக்கு எளிதில் கைவரவில்லை. தம் ஆங்கிலத்தின் மேலேயே முழு நம்பிக்கை இல்லாத ஆசிரியர், பாடநூலின் பிடியை விட்டுவிட்டு மாணவரின் கேள்விக்கு முகம் கொடுப்பது எளிதன்று. அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவரும் இதே பள்ளிகளில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவரே.

மாணவர் செய்யும் பிழைகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அவை பெரும்பாலும் அறியாமையின் விளைவல்ல, தாய்மொழியின் ஒழுங்கு. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் நடுவில் வரும். 'மேசையின் மேல்' என்று நாம் பெயருக்குப் பின்னால் சொல்வதை ஆங்கிலம் முன்னால் சொல்கிறது. 'ஏ', 'தி' போன்ற சுட்டுச் சொற்களுக்கு நேரான வழக்கம் பெரும்பாலான இந்திய மொழிகளில் இல்லை. உத்தரப் பிரதேசத்துச் சிறுவன் 'இஸ்கூல்' என்கிறான். பஞ்சாபிச் சிறுவன் 'சகூல்' என்கிறான். சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் இணைந்து வருவதை அவரவர் நாக்கு அவரவர் வழியில் பிரித்துக்கொள்கிறது. இதை அறிந்த ஆசிரியர், தாய்மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லி இரு மொழிகளையும் அருகருகே வைத்துக் காட்டினால், பத்து நாள் பயிற்சி மிச்சமாகும். வகுப்பில் தாய்மொழி பேசினால் அபராதம் என்னும் விதியைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பள்ளிகள் இந்த வசதியைத் தாமே கைவிடுகின்றன.

பயிற்று மொழியை மாற்றிவிட்டால் மொழி தானே வந்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. கட்டணம் செலுத்தும் பெற்றோரின் ஏக்கம் புரிந்துகொள்ளத் தக்கதே; வேலைச் சந்தையில் ஆங்கிலத்திற்கு இருக்கும் விலையை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். ஆயினும், கனடாவில் குடியேறியோரின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் ஏறத்தாழ 2 ஆண்டுகளில் வந்துவிடும் என்றும், பாடம் பயிலப் போதுமான ஆங்கிலத்திற்கு 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும் என்றும் கண்டார். அதுவும் ஊரெங்கும் ஆங்கிலம் ஒலிக்கும் நாட்டில். நாளுக்கு அரை நிமிடம் பேசும் நம் பிள்ளை, அந்த மொழியிலேயே ஒளிச்சேர்க்கையையும் பின்னக் கணக்கையும் புரிந்துகொள்ள வேண்டியிருந்தால், ஆங்கிலத்தோடு அறிவியலும் கணக்கும் சேர்ந்து பின்தங்கும். முதல் மொழியில் சரளமாக வாசிக்கும் குழந்தை இரண்டாம் மொழி வாசிப்பையும் விரைவில் பற்றிக்கொள்ளும் என்பதும் கம்மின்ஸ் வற்புறுத்திய கருத்து. தேசியக் கல்விக் கொள்கை 2020, இயன்ற இடங்களிலெல்லாம் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழியே பயிற்று மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. ஆந்திரப் பிரதேசம் அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற 2019-இல் ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் 2020-இல் அதை ரத்து செய்தது. அந்த வழக்கின் இரைச்சலில் ஒரு நல்ல செயல் கவனிக்கப்படாமல் போயிற்று: ஒரு பக்கத்தில் ஆங்கிலமும் எதிர்ப்பக்கத்தில் தெலுங்குமாக அம்மாநிலம் இருமொழிப் பாடநூல்களை அச்சிட்டது. ஆங்கில வழியை ஏற்பவரும் மறுப்பவரும் ஒருசேரப் பயன்படுத்தக் கூடிய துணை அது.

இனி எங்கள் கவுண்டருக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பெற்றோருக்குத் துணையாகக் கிளைக்கு வந்து படிவம் நிரப்புவதை எல்லா ஊர்களிலும் காணலாம். பல வீடுகளில் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் அவர்களுடையதே. 'டெபிட்டட்' என்றால் கணக்கிலிருந்து பணம் போயிற்று, 'கிரெடிட்டட்' என்றால் வந்தது. ஓ.டி.பி. செய்தியில் எண் ஒன்று இருக்கும். அதை யாரிடமும் பகிர வேண்டாம் என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் இருக்கும். எண்ணை மட்டும் படிக்கத் தெரிந்து எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாத நிலை, ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதற்கும் ஆபத்து. அந்தப் பிள்ளை பட்டப்படிப்பை முடிக்கும் வரை இந்தக் குறுஞ்செய்தி காத்திருக்காது. பதினான்கு வயதில், இருக்கும் ஆங்கிலத்தைக் கொண்டே அதைப் படித்தாக வேண்டும். நான் புரிந்துகொண்ட அளவில், சரண்டர் மதிப்பு என்பதன் பொருள் இதுதான்.

துணைப் பயிற்சி வகுப்புகள் இங்கிருந்தே தொடங்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வினா விடைகளை மனப்பாடம் செய்ய வைப்பதைத்தான் பல பள்ளிகள் துணைப் பயிற்சி என்கின்றன. அது மதிப்பெண்ணுக்கு உதவலாம், மொழிக்கு உதவாது. வயதையும் வகுப்பையும் பாராமல், படிக்கும் நிலையை மட்டும் பார்த்துப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, எழுத்து அறியாதவருக்கு எழுத்திலிருந்தும் வாக்கியம் படிப்பவருக்குக் கதையிலிருந்தும் தொடங்குவது பிரதம் அமைப்பு தாய்மொழி வாசிப்பிலும் கணக்கிலும் பின்பற்றி வரும் வழி. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் கள ஆய்வில் பயன் கண்ட முறை அது. ஆங்கிலத்திற்கும் அது பொருந்தாது என்பதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. ஏழாம் வகுப்பு மாணவனை ஏழாம் வகுப்புப் பாடநூலோடு கட்டிப் போடுவதைவிட, அவனால் படிக்க முடிந்த மெல்லிய கதைப் புத்தகம் பத்தைக் கொடுப்பது மேல்.

பெற்றோர் செய்யக் கூடியதும் உண்டு; அதற்கு அவர்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை ஒரு பத்தியை உரக்கப் படித்த பின், 'இதில் என்ன சொல்லியிருக்கிறது?' என்று தமிழில் கேட்டால் போதும். சொல்லத் தெரிந்தால் அது வாசிப்பு. தெரியாவிட்டால் வெறும் ஒலி. பள்ளிக் கூட்டத்தில் ஆசிரியரிடம் 'எத்தனை மதிப்பெண்?' என்று கேட்பதோடு 'எந்தப் புத்தகத்தைத் தானாகப் படிக்கிறான்?' என்றும் கேட்கலாம்.

பயிற்சிக்கான பொருளும் அருகிலேயே கிடைக்கிறது. வாடிக்கையாளருக்கான வங்கிப் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, மாநில மொழி என மும்மொழியிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பணம் செலுத்தும் சீட்டு ஒன்றை எடுத்து, தமிழ்ச் சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அதுவே ஒரு பாடம். பிரபுவின் ரயில் அட்டவணைக்கு அது சற்றும் குறைந்ததன்று. அடுத்த முறை கிளைக்கு வரும்போது ஆசிரியர்களும் பெற்றோரும் கவுண்டரில் கேட்டு இரண்டொரு சீட்டுகளைக் கூடுதலாகப் பெற்றுச் செல்லலாம். தொகையை எண்ணிலும் எழுத்திலும் பிள்ளைகளே நிரப்பட்டும். 'நான்கு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் 'யூ' எழுத்து உண்டு. 'நாற்பது' என்பதில் கிடையாது. பெரியவர்கள் எழுதும் காசோலைகளிலேயே இந்தப் பிழையை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.